பழைய எஞ்சினிடம் எவ்வளவு கேட்கலாம்?

(நமது முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி போன் செய்து, "பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசணும் தம்பி, மின்சார வண்டியைப் பத்திப் பேசேன்" என்றார். மின்சார வண்டியைப் பற்றிப் பேச இந்த அவையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பத்து வருஷத்துக்கும் மேலாக டீசல் எஞ்சின் சோதனைக்கூடத்தில் கை கறுத்தவன். ஆகவே, லீவுக்கு முட்டம் போகும்போதெல்லாம் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் ஒரு கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். "மக்கா, நீ எஞ்சின் படிச்சவன்தானே? நம்ம பழைய வண்டிக்குக் கொஞ்சம் இழுவை கூட்டித் தரப்பிடாதா?" இதுதான் அந்தக் கேள்வி.

முட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பாரதிராஜாவின் படங்கள் ஞாபகத்துக்கு வரும். பாறை, அலை, கலங்கரை விளக்கம். ஊர்க்காரனான எனக்கு விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு வரிசையில் நிற்கும் பிக்கப் வண்டிகளும் டெம்போக்களும்தான் முதலில் ஞாபகம் வரும். மீனுக்கு நேரம்தான் விலை. ஒரு மணி நேரம் முந்திப் போனவனுக்குக் கிடைக்கிற விலை பிந்தி வந்தவனுக்குக் கிடைக்காது. கரையிலிருந்து மேலே ஏறும்போதே வண்டி திணறினால் ஓட்டுநருக்கு மனசு பதறத்தான் செய்யும். அதனால் இது விளையாட்டுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம் அதில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு டாடா 407 வண்டியை வைத்துக்கொள்வோம். 1986-ல் அது வந்தபோது டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பானியக் கூட்டு வண்டிகள் எல்லாம் களத்தில் இருந்தன. அவற்றுக்கு நடுவே நின்று பிடித்தது 407. பின்னாளில் வந்த 207 டி.ஐ. பிக்கப்பிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. முதலில் உள்ள 4, வண்டியின் மொத்த எடை சுமார் எத்தனை டன் என்பது. பின்னால் உள்ள 07-ஐப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 1954 முதல் 1969 வரை டாடாவும் பென்ஸும் கூட்டாக இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். ஆக, 407 என்றாலே நாலு டன்னுக்கு எழுபது குதிரை என்று பெயர்ப்பலகையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது? ஏன் தொண்ணூறாக இல்லை? தம்பி தங்கைகளே, நோட்டுப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கணக்குதான்.

எஞ்சினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 97 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர். மொத்தம் 2956 சி.சி., அதாவது ஏறக்குறைய மூன்று லிட்டர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் 1400 மூச்சு. பாதையிலுள்ள தடைகளால் நூற்றுக்கு 85 பங்குதான் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 3500 லிட்டர் காற்று. நம் கடற்கரைச் சூட்டில் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.15 கிராம் அளவு. அப்படியானால் விநாடிக்கு 67 கிராம் காற்று உள்ளே போகிறது. இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் கரும்புகை இல்லாமல் எரிய வேண்டுமென்றால் ஒரு பங்கு டீசலுக்கு ஏறத்தாழ இருபது பங்கு காற்று வேண்டும். ஆக, விநாடிக்கு 3.4 கிராம் டீசல். அதிலுள்ள வெப்பம் 144 கிலோவாட். அதில் நூற்றுக்கு 35 பங்கு வேலையாக மாறினால் 50 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் 68!

பார்த்தீர்களா? கம்பெனிக்காரன் எழுபது என்று கஞ்சத்தனமாகக் கொடுக்கவில்லை. மூன்று லிட்டர் வயிறு அந்த வேகத்தில் எவ்வளவு காற்றை இழுக்குமோ, அதற்கு ஏற்ற சோறு போட்டிருக்கிறான். நான் இன்று சொல்ல வந்ததன் பாதி இதுதான். சக்திக்கு வரம்பு கட்டுவது காற்று. டீசல் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஆனால் ஊரில் இழுவை கூட்டுவது என்றால் என்ன செய்கிறார்கள்? பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று வரம்பு கட்டும் ஸ்க்ரூ. சோதனை மேடையில் அளந்து வைத்து, யாரும் தொடக்கூடாது என்று ஈய முத்திரை வைத்து அனுப்புவார்கள். அந்த முத்திரையை உடைத்து ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று திருப்பினால் போதும். செலவு ஒரு டீ. வண்டி அன்றைக்கே பாய்ந்து இழுக்கும். "கேட்டியாடே, இதுக்குப் போய் இஞ்சினியர் எதுக்கு?" என்று நம்மையும் ஒரு கை பார்ப்பார்கள்.

உண்மையில் கொஞ்சம் சக்தி கூடத்தான் செய்கிறது. இல்லையென்று சொன்னால் நான் பொய்யன். இருபதுக்கு ஒன்று என்றிருந்தது பதினேழுக்கு ஒன்று ஆகும்போது இழுவை ஏறும். ஆனால் கூட்டிய டீசல் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. நேரத்துக்குள் எரிந்து முடியாமல், பிஸ்டன் கீழே இறங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு பிஸ்டன் தலையையும் எக்ஸாஸ்ட் வால்வையும் ஹெட்டையும் போய்த் தாக்கும். எரியாத டீசல் லைனர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். பேரிங்குக்கு அது நல்லதல்ல. வெளியே தெரிவது கரும்புகை மட்டும். நம் ஆட்களில் சிலர் அந்தப் புகையையே சக்தியின் அடையாளம் என்று நினைத்துப் பெருமைப்படுகிறார்கள்!

எனக்குச் சித்தப்பா முறை வரும் ஒருவரின் வண்டியில் இது நடந்தது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டல்லவா? கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிந்துவிடும். அந்த ஒன்றரை மாதம் தூத்துக்குடியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மேற்கே வருவார்கள். அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எதிரே வந்து முகத்தில் அறையும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில்லாத நாளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு டெம்போ, காற்றைக் கிழிக்க மட்டும் 12 குதிரைத்திறன் அளவு செலவழிக்கும். 36 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் அதே வேலைக்கு 30 வேண்டும். மேட்டில் ஒரு நிமிடம் திணறுவது வேறு. எதிர்காற்றில் அரை மணி நேரம் முழுக்க மிதித்தபடி ஓட்டுவது வேறு.

ஸ்க்ரூ திருப்பிய அந்த வண்டி மூன்று மாதம் ராஜாவாக ஓடியது. நாலாவது மாதம் கணவாயில் மூன்றாவது பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்தது. எஞ்சின் செலவு ஒரு பக்கம். வேறு வண்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிவிட்டது. அந்த மீன் தீவனத்துக்கு வாங்குகிறவர் சொன்ன விலைக்குப் போயிற்று. சித்தப்பா யாரையும் குறை சொல்லவில்லை. "வண்டிக்கு வயசாச்சு மக்கா" என்றார். வண்டிக்கு வயசானது உண்மைதான். ஆனால் அதனால் பிஸ்டன் உருகவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல அந்தப் பட்டறையில் ஆள் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் ஒன்று கேட்க வேண்டும். இருக்க வேண்டிய எழுபதும் வண்டியில் இருக்கிறதா?

எங்கள் ஊர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவரை நாங்கள் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. காது மட்டும் ஸ்டெதஸ்கோப். போன வருஷம் லீவில் அவரோடு சேர்ந்து இன்னொரு பழைய 407-ஐ எடுத்துக்கொண்டோம். நம்மிடம் சேஸிஸ் டைனமோமீட்டர் இல்லை. ஆனால் ஊரில் மேடு இருக்கிறதே! சிவில் படித்த நண்பன் ஒருவன் லெவல் கருவி கொண்டுவந்து ஓர் ஏற்றத்தை அளந்து தந்தான். நீளம் 240 மீட்டர், உயரம் 20 மீட்டர். வண்டியைச் சுமையோடு எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம். 4500 கிலோ. கீழ்க்கோட்டைத் தாண்டும்போதே ஒரே சீரான வேகத்தில் வர வேண்டும், அதே கியரில் மேல்கோட்டைத் தாண்ட வேண்டும், கையில் ஸ்டாப்வாட்ச். எடையை உயரத்தாலும் புவியீர்ப்பாலும் பெருக்கி நேரத்தால் வகுத்தால், சுமையைத் தூக்கச் செலவான சக்தி கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பாடம்!

முதல் நாள் 52 விநாடி. அதாவது 23 குதிரைத்திறன். டயர் உருளுவதிலும் கியரிலும் போவது இதற்கு மேலே. மூன்று முறை ஏற்றிப் பார்த்தும் அதே கணக்குதான்.

பிறகு ஆசான் வேலையைத் தொடங்கினார். ஏர் ஃபில்டரில் உப்பும் மணலும் சேர்ந்து சுவராகியிருந்தது. கடற்கரை வண்டிக்கு இது சகஜம். ஆக்ஸிலரேட்டர் கேபிள் தளர்ந்து, காலால் தரைவரை மிதித்தாலும் பம்ப் லீவர் கடைசிவரை போகவில்லை. நாலு நாஸிலில் இரண்டு, டீசலைப் பூவாகத் தூவாமல் சொட்டு விட்டன. டேப்பட் இடைவெளி ஆளுக்கு ஒன்றாக இருந்தது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. சைலன்ஸர் குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. பம்ப் நகர்ந்து டைமிங் பிந்தியிருந்தது. ஒவ்வொன்றையும் சரி செய்தோம். நாஸில்களைப் பம்ப் சர்வீஸில் கொடுத்து அழுத்தம் பார்த்து வாங்கினோம். முத்திரையைத் தொடவே இல்லை. மொத்தச் செலவு அந்த வண்டியின் இரண்டு நடை வாடகைக்குள் முடிந்தது.

மறுபடியும் அதே எடை, அதே ஏற்றம், அதே கியர். 41 விநாடி! 29 குதிரைத்திறன். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடுதல். புகையும் குறைந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, "வேற இஞ்சின் வச்சிட்டேளா?" என்று கேட்டார். அந்த 29-ஐ நாங்கள் புதிதாகக் கூட்டவில்லை. பல வருஷமாக அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடு போயிருந்ததை மீட்டுக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இதற்கும் மேலே வேண்டும் என்றால்? அப்போதுதான் காற்றைக் கூட்ட வேண்டும். அதற்குப் பெயர் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாகப் போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது. அது முதலில் பேர் வாங்கியது கடலில்தான். 1920-களில் ப்ராய்சன், ஹன்ஸஸ்டாட் டான்ஸிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் அதைப் பொருத்தியபோது, 1750 குதிரைத்திறன் எஞ்சின் 2500 கொடுத்தது.

நம் பழைய 407-க்கும் டர்போ போடலாமே என்று யாருக்கும் தோன்றும். அதையும் கணக்கில் பார்ப்போம். காற்றழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் காற்றும் ஒன்றரை மடங்காகும் என்று நினைப்போம். ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதே, அதே கதைதான். 30 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும். ஆக உண்மையில் கூடுவது நூற்றுக்கு 28 பங்குதான். இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் 40 பங்கு. அந்த 28-ஐப் பாருங்கள். ஆசான் ஸ்பானரையும் துடைக்கிற துணியையும் வைத்து மீட்டுத் தந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

தொழிற்சாலையில் ஓர் எஞ்சினுக்கு டர்போ வைக்கும்போது டர்போவை மட்டும் வைப்பதில்லை. பிஸ்டனின் வார்ப்பு மாறும். அதன் அடிப்பக்கம் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்க ஏற்பாடு செய்வார்கள். அழுத்த விகிதத்தைக் குறைப்பார்கள். கேஸ்கட், பேரிங், ஆயில் பம்ப், ரேடியேட்டர், கிளட்ச் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார்கள். பிறகு நூற்றுக்கணக்கான மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி உடைத்துப் பார்ப்பார்கள். என் தினசரி வேலையே அதுதான். பழைய எஞ்சினில் டர்போவை மட்டும் கொண்டுபோய் மாட்டுவது, அறுபது வயது அப்பாவின் தோளில் இருபது வயதுப் பையனின் சுமையை ஏற்றுவது மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் இழுப்பதற்கு மட்டும்தான். நிறுத்துவது பிரேக். 40 கிலோமீட்டரில் போன வண்டி 60-ல் போனால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு இரண்டேகால் மடங்கு. அதோடு, இழுவை கூடிவிட்டது என்று தெரிந்த மறுநாளே இரண்டு பெட்டி கூடுதலாக ஏறிவிடும். இது மனித சுபாவம். டிரம் பிரேக் பழைய எடைக்குச் செய்தது. காலை ஏழரை மணிக்கு நம் கடற்கரைச் சாலைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். கூட்டிய குதிரைத்திறனுக்கு அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி மாற்றத்தைத்தான். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு எஞ்சின் வைக்க வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னரே அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொள்வதுதான் வழி.

நம் ஊர்ப் படகுக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1980-களில் ஏழெட்டுக் குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் வந்தபோது அதுவே பெரிய விஷயமாக இருந்தது. பிறகு அடுத்தவன் பத்து வைத்தான், இன்னொருவன் இருபத்தைந்து வைத்தான். கடலில் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் சக்தி எட்டு மடங்கு அளவுக்கு வேண்டும். சக்தியை இரட்டிப்பாக்கினால் வேகம் நாலில் ஒரு பங்குதான் கூடும். எண்ணெய்ச் செலவோ ஏறக்குறைய இரட்டிப்பு. எல்லோரும் கூட்டியபின் முந்திப் போகிறவன் என்று யாரும் மிஞ்சவில்லை. கடன் மட்டும் எல்லோருக்கும் மிஞ்சியது. கரையில் வண்டிக்காரர்களும் அதே ஓட்டத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தம்பி தங்கைகளே, 2020 ஏப்ரல் முதல் வரும் வண்டிகள் பி.எஸ். 6. கம்ப்யூட்டர்தான் டீசலை அளந்து விடுகிறது. அதற்காகப் பழைய வண்டிகள் நாளைக்கே காணாமல் போய்விடாது. அவற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "மாத்தாதீங்க, தப்பு" என்று மட்டும் சொன்னால் ஸ்க்ரூ திருப்புகிறவரிடம்தான் போவார்கள். எவ்வளவு கிடைக்கும், அதற்கு எங்கே விலை கொடுக்க வேண்டும் என்று கணக்கோடு சொன்னால் கேட்பார்கள். ஆசானுக்குக் காது இருக்கிறது, கை இருக்கிறது. நம்மிடம் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே வண்டிக்கு முன்னால் சேர்ந்து நிற்பதில்லை என்பதுதான் குறை.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். நம் துறை ஆய்வகத்தில் நாஸில் டெஸ்டர் இருக்கிறது, கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது, டேக்கோமீட்டர் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மீன் வண்டிக்காரர்களுக்காக அந்த ஆய்வகத்தைத் திறந்து வைப்போம். மாணவர்கள் அளக்கட்டும், மெக்கானிக்குகள் சரி செய்யட்டும். மேட்டில் எத்தனை விநாடி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். கருவிகளைப் பழுது பார்க்க ஆகும் முதல் வருஷச் செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். அந்த முதல் சனிக்கிழமைக்கு ஆசானை நான் அழைத்து வருகிறேன். அவர் வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "பிள்ளைங்க கையில அழுக்குப் படும், பரவாயில்லையான்னு கேட்டுக்கோ" என்றார். உங்களிடம் கேட்டுவிட்டேன்.